அப்பா மறுபடி நடப்பாரா? கால் விரலைப் பார்க்காதீர்கள், உட்காருவதைப் பாருங்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. சொந்தமாக மளிகைக் கடை வைத்திருக்கிறார். மூன்று வாரங்களுக்கு முன்பு, கடை திறக்கும் நேரத்தில் இடது கையும் காலும் இழுத்துக்கொண்டன. மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்று மருத்துவமனையில் சொன்னார்கள். முதல் மூன்று நாட்கள் அரைத் தூக்கத்திலேயே இருந்தார். உட்கார வைத்தால் இடது பக்கமாகச் சாய்ந்துவிடுவார். 8ஆம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று கொடுத்த சீட்டில் இடது கால் பலம் 2/5 என்று எழுதியிருக்கிறது. இப்போது கட்டில் ஓரத்தில் யாரும் பிடிக்காமல் உட்காருகிறார். உட்கார்ந்தபடியே முழங்காலை நீட்டுகிறார். ஆனால் ஒரு கால் விரல்கூட அசையவில்லை, பாதம் தொங்குகிறது. இரண்டு பேர் பிடித்தால்தான் நிற்கிறார். தட்டில் இடது பக்கம் வைத்த பொரியலைத் தொடுவதே இல்லை. நடப்பாரா என்று கேட்டால், போகப் போகத்தான் தெரியும் என்கிறார் மருத்துவர். முதல் நாளே எழுப்பி நடக்க வைத்திருந்தால் இப்படி ஆகியிருக்காதோ என்று எனக்குத் தூக்கம் வருவதில்லை. பெரியப்பா புறா ரத்தம் கொடுக்கச் சொல்கிறார். தம்பி, நிலத்தை விற்றாவது பெருநகரத்தில் ரோபோ இயந்திரம் இருக்கும் இடத்தில் சேர்க்கலாம் என்கிறான். எனக்கு இன்னும் இரண்டு வாரம்தான் விடுப்பு. அதன் பிறகு அம்மாவால் தனியாகச் சமாளிக்க முடியுமா?
வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களைத் தூங்கவிடாத கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் அப்பாவை எழுப்பி நடக்க வைக்காததால் நீங்கள் எதையும் இழக்கவில்லை. பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் நோயாளியைப் படுக்கையிலிருந்து எழுப்பி, அடிக்கடி, அதிக நேரம் நிற்கவும் நடக்கவும் வைத்தால் நல்லதா என்று ஐந்து நாடுகளில் 2,104 பேரிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அவர்ட் என்பது அதன் பெயர். 2015இல் முடிவு வந்தபோது எங்கள் துறையான பக்கவாத மறுவாழ்வில் பலருக்கும் அதிர்ச்சி. அப்படித் தீவிரமாக எழுப்பப்பட்டவர்களில் மூன்று மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்களின் பங்கு, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. அரைத் தூக்கத்தில் இருந்த உங்கள் அப்பாவை அன்று யாரும் இழுத்து நிறுத்தாதது சரிதான். அந்தக் குற்ற உணர்வை இன்றோடு இறக்கி வையுங்கள். இனி வரும் மாதங்களுக்கு உங்கள் மனபலம் முழுவதும் தேவைப்படும்.

இனி, நடப்பாரா என்ற கேள்வி. போகப் போகத்தான் தெரியும் என்று மருத்துவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது ஒரு குடும்பத்துக்குப் போதுமான பதிலும் இல்லை. நிலத்தை விற்பதா, விடுப்பை நீட்டிப்பதா, கழிப்பறையை மாற்றிக் கட்டுவதா என்று நீங்கள் முடிவெடுக்க வேண்டியது இந்த மாதத்தில். கையைப் பற்றிக் கேட்டிருந்தால் நானும் கொஞ்சம் தயங்கியிருப்பேன். கால் விஷயத்தில் கட்டிலருகே நின்று பார்த்தே ஓரளவு தெளிவாகச் சொல்ல முடியும். பெரிய கருவி எதுவும் வேண்டாம். எதைப் பார்ப்பது என்று தெரிந்திருந்தால் போதும்.

பெரும்பாலான வீடுகளில் கால் விரலைத்தான் பார்க்கிறார்கள். காலையில் எழுந்ததும் "விரலை ஆட்டுங்கப்பா" என்று சொல்லிவிட்டு, அசைகிறதா என்று ஐந்து பேர் சுற்றி நின்று குனிந்து பார்ப்பார்கள். அசையாவிட்டால் அன்றைய பொழுதே வீட்டில் இருண்டுவிடும். நோயாளியின் முகத்தைப் பார்த்தால் அந்தத் தோல்வி அவருக்கும் தெரிந்திருப்பது புரியும். தயவுசெய்து இந்தச் சோதனையை நிறுத்திவிடுங்கள். விரலைத் தனியாக அசைப்பது மூளையின் எதிர்ப்பக்கத்திலிருந்து இறங்கி வரும் நுட்பமான நரம்புப் பாதையை நம்பியிருக்கும் வேலை. அடைப்பில் அதிகம் அடிபடுவதும் அந்தப் பாதைதான். உடம்பின் நடுப்பகுதிக்கும் இடுப்புக்கும் மூளையின் இரு பக்கங்களிலிருந்தும் கட்டளை வருகிறது. ஒரு பக்கம் அடிபட்டாலும் மறுபக்கம் ஓரளவு தாங்கிப் பிடிக்கும். கையைவிடக் கால் முன்னதாகவும் அதிகமாகவும் தேறுவதை நீங்கள் அக்கம்பக்கத்திலேயே பார்த்திருப்பீர்கள். அதற்கு இது ஒரு முக்கியக் காரணம். விரல் அசையாமலே நன்றாக நடப்பவர்களை நாங்கள் தினமும் பார்க்கிறோம். தொங்கும் பாதத்தைத் தாங்கிப் பிடிக்க ஸ்பிளிண்ட் இருக்கிறது. தானாக உட்கார முடியாத ஒருவரை நடக்க வைக்கும் ஸ்பிளிண்ட் இதுவரை வரவில்லை.

ஆகவே பார்க்க வேண்டியது உட்காருவதை. நெதர்லாந்தில் முதல்முறையாகப் பக்கவாதம் வந்து, சொந்தமாக நடக்க முடியாமல் இருந்த 154 பேரை முதல் 72 மணி நேரத்துக்குள் சோதித்தார்கள். அவர்களுக்கும் உங்கள் அப்பாவுக்கு வந்ததைப் போல அடைப்பால் வந்த பக்கவாதம்தான். கேட்டவை இரண்டே கேள்விகள். கட்டில் ஓரத்தில், கால் தரையில் ஊன்றாமல், 30 விநாடி பிடிமானம் இன்றி உட்கார முடிகிறதா? பலம் குறைந்த காலில் சிறிதளவாவது அசைவு இருக்கிறதா? அந்தச் 'சிறிதளவு' மிகச் சிறியது. இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றிலும் தசை லேசாகச் சுருங்குவது கையில் தட்டுப்பட்டாலே அவர்கள் வைத்த மதிப்பெண் வந்துவிடும். இரண்டுக்கும் ஆம் என்ற பதில் கிடைத்தவர்கள் ஆறு மாதத்தில் பிறர் துணையின்றி நடப்பதற்கான வாய்ப்பு 98 சதவீதம். இரண்டுக்குமே இல்லை என்றவர்களுக்கு 27 சதவீதம். 9ஆம் நாளிலும் இரண்டுக்கும் இல்லை என்றே இருந்தால் அது ஏறக்குறைய 10 சதவீதமாக இறங்கியது. 2011இல் வெளிவந்த ஆய்வு இது. முதல் மூன்று நாளில் வரும் 'இல்லை' தீர்ப்பு அல்ல, அது மாறக்கூடியது, ஆகவே 5ஆம் நாளும் 9ஆம் நாளும் மறுபடி பார்க்க வேண்டும் என்பதுதான் அதில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட செய்தி. ஒரே ஒருமுறை பார்த்துவிட்டு, இவர் நடக்க மாட்டார் என்று எழுதி வைப்பது நோயாளிக்குச் செய்யும் அநியாயம்.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் எங்கள் துறையினர் இதை இன்னும் ஒரு படி முன்னே கொண்டுபோனார்கள். நடப்பாரா என்பதோடு நிற்காமல், எப்போது என்றும் கேட்டார்கள். 2017இல் வந்த அவர்களுடைய முறைக்கு ட்விஸ்ட் என்று பெயர். பக்கவாதம் வந்து ஒரு வாரம் ஆனதும், படுக்கையில் இரு பக்கமும் புரள்வது, படுத்த நிலையிலிருந்து எழுந்து உட்காருவது, கட்டில் ஓரத்தில் நிலையாக உட்காருவது ஆகிய நான்குக்கும் சேர்த்து 100க்கு மதிப்பெண் போடுவார்கள். 40க்கு மேல் வந்தால் ஆறு வாரத்துக்குள் சொந்தமாக நடப்பார். 40 வரவில்லை, ஆனால் தொடையைப் பின்பக்கமாக நீட்டும் இடுப்புத் தசை புவியீர்ப்பை எதிர்த்து வேலை செய்கிறது என்றால் பன்னிரண்டு வாரத்துக்குள் நடப்பார். இரண்டும் இல்லை என்றால் பன்னிரண்டாவது வாரத்தில் இன்னும் ஒருவர் துணை தேவைப்படும். 41 பேரிடம் மட்டும் செய்த சிறிய ஆய்வு, ஆனால் கணிப்பு 95 சதவீதம் சரியாக இருந்தது. இதே ஆய்வில் மூளை ஸ்கேனும், காந்தத் துடிப்பு கொடுத்து நரம்புப் பாதையைச் சோதிக்கும் முறையும் இருந்தன. நடையைக் கணிப்பதில் அவை கட்டிலருகே செய்த எளிய சோதனைகளுக்கு மேல் எதையும் சேர்க்கவில்லை. "இன்னொரு எம்ஆர்ஐ எடுத்தால் நடப்பாரா என்று தெரிந்துவிடுமா?" என்று யாராவது கேட்டால், இந்த ஒரு காரணத்துக்காக எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மருத்துவர் வேறு காரணத்துக்காகக் கேட்டால் அது வேறு.

பன்னிரண்டாவது வாரத்தில் நடக்காதவர்களின் கதை அங்கேயே முடிந்துவிடுவதில்லை. அதனால்தான் அதே குழு 2022இல் கணிப்பை 26 வாரம் வரை நீட்டித்தது. இம்முறை மூன்று விஷயங்களைப் பார்த்தார்கள்: வயது 80க்குக் குறைவா, முழங்காலை நீட்டும் பலம் ஐந்துக்கு 3, அதாவது புவியீர்ப்பை எதிர்த்து நீட்டும் அளவு, இருக்கிறதா, உட்காருவதிலும் நிற்பதிலும் சமநிலை எப்படி.

உங்கள் அப்பாவுக்கு வருகிறேன். நேரில் பார்க்காமல், உங்கள் கடிதத்தை மட்டும் வைத்துச் சொல்கிறேன். அந்த வரம்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வார முடிவில் அவருடைய கால் பலம் 2. அதாவது தசை அசைகிறது, ஆனால் காலின் எடையை எதிர்த்துத் தூக்க முடியவில்லை. உட்காரும் நிலையும் அப்போது வரவில்லை என்று தெரிகிறது. அந்த வாரத்துக் கணக்கை வைத்துப் பார்த்தால் ஆறு வாரத்தில் நடந்துவிடுவார் என்று எந்த நேர்மையான பிசியோதெரபிஸ்டும் சொல்ல மாட்டார். ஆனால் மூன்றாம் வாரத்தில் பிடிமானம் இல்லாமல் உட்காருகிறார். உட்கார்ந்த இடத்திலேயே முழங்காலை நீட்டுகிறார். முழுவதும் நீட்டுகிறார் என்றால் அது பலம் 3. இந்த இரண்டு வார மாற்றம்தான் உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகுந்த நம்பிக்கை தந்த வரி. விரல் அசையவில்லை என்று வருந்தி எழுதியதற்கு நடுவே, அந்த நல்ல செய்தியைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள்.

என் கணிப்பு இது. உங்கள் அப்பா வீட்டுக்குள், சமதளத்தில், யாரும் தொடாமல் நடப்பதற்கான வாய்ப்பு அதிகம். அது மூன்றாவது மாத முடிவுக்கும் ஆறாவது மாதத்துக்கும் இடையில் வரும். பெரும்பாலும் கையில் ஓர் ஊன்றுகோலும் காலில் ஸ்பிளிண்டும் இருக்கும். படி ஏறுவதும் பஸ் ஏறுவதும் அதன் பிறகு. அவற்றைப் பற்றி இப்போது என்னால் உறுதி சொல்ல முடியாது.

நடப்பது என்ற சொல்லை ஆளுக்கு ஒரு பொருளில் எடுத்துக்கொள்வதால் குடும்பங்களில் வீண் மனக்கசப்பு வருகிறது. மேலே சொன்ன ஆய்வுகளில் 'சொந்தமாக நடப்பது' என்றால், சமதளத்தில் இன்னொரு மனிதரின் கையோ கண்காணிப்போ இல்லாமல் நடப்பது. ஊன்றுகோலும் ஸ்பிளிண்டும் அனுமதி. அதற்குள்ளும் படிகள் உண்டு. ஒருவர் எடையைத் தாங்கிப் பிடித்தால் நடப்பது ஒரு படி. சும்மா தொட்டுக்கொண்டால் போதும் என்பது அடுத்தது. தொட வேண்டாம், பக்கத்தில் நின்றால் போதும் என்பது அதற்கும் அடுத்தது. அப்பா ஒவ்வொரு படியாகத்தான் வருவார். இரண்டு பேர் பிடித்த இடத்தில் ஒருவர் பிடித்தால் போதும் என்ற நாள் வந்தால் அது பெரிய நாள். தம்பியிடமும் சொல்லுங்கள்.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் அப்பா கடைக்குப் போக நினைப்பார். 10 மீட்டர் தூரத்தைக் கடக்க 25 விநாடிக்கு மேல் ஆனால் நடை வீட்டோடு நின்றுவிடும். 25 விநாடிக்கும் பன்னிரண்டரை விநாடிக்கும் இடையில் என்றால் தெருவில் கொஞ்ச தூரம். அதைவிட வேகமாக நடந்தால் கடைத்தெருவுக்குத் தனியாகப் போய் வரலாம். 1995இல் அமெரிக்காவில் ஜாக்குலின் பெர்ரியின் குழு வகுத்த இந்த அளவுகளைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். நடக்கத் தொடங்கிய பிறகு மாதம் ஒருமுறை கைபேசியில் நேரம் பார்த்து எழுதி வையுங்கள். 'கொஞ்சம் பரவாயில்லை' என்ற பேச்சைவிட அந்த எண் உண்மையைச் சொல்லும்.

என் கணிப்பு தவறிப் போகக் கூடிய இடங்களையும் மறைக்காமல் சொல்கிறேன். முதலாவது, இடது பக்கப் பொரியல். கண்ணில் குறை இல்லாமலே, மூளை இடது பக்கத்தைக் கவனிப்பதை விட்டுவிடுகிறது. வலது பக்க மூளையில் அடைப்பு வந்தவர்களிடம் இது அதிகம். அவர் வேண்டுமென்றே செய்வதில்லை. பிடிவாதமும் இல்லை, மறதியும் இல்லை. கால் பலம் வந்த பிறகும் இவர்கள் இடது தோளை நிலைக்கதவில் இடித்துக்கொண்டு விழுவார்கள். எழுந்துவிட முடியும் என்று நம்பித் தானாக எழுந்து விழுவார்கள். ஆகவே அப்பா தனியாக நடப்பதை முடிவு செய்யப்போவது கால் பலம் மட்டும் அல்ல. இப்போதிருந்தே அவரிடம் பேசும்போது இடது பக்கம் போய் உட்காருங்கள். அவர் பார்வை இருக்கும் வலது பக்கத்திலிருந்து தொடங்கி, மெல்ல அவர் தலையை இடது பக்கம் திருப்ப வையுங்கள். தட்டின் இடது ஓரத்தில் பளிச்சென்ற சிவப்பு நிறத்தில் ஒரு பட்டை ஒட்டி, அதைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள். பிசியோதெரபிஸ்டிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். காலை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு இது தெரியாமலே போகலாம்.

இரண்டாவது, மறுபடி ஒரு அடைப்பு. திரும்பி வரும் நடையை ஒரே நாளில் பறிக்கக் கூடியது அதுதான். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, கொழுப்பு மாத்திரை, சர்க்கரை இருந்தால் அதற்கானது, எதையும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. வேறு வைத்தியத்துக்குப் போகும்போது, இங்கிலீஷ் மருந்து சூடு என்று சொல்லி நிறுத்தச் சொல்வார்கள். அந்த வார்த்தைக்கு மட்டும் காது கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, மனச் சோர்வு. கல்லாவில் உட்கார்ந்து பத்துப் பேரிடம் பேசிக்கொண்டிருந்த மனிதர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். பேச்சு குறைந்தால், சாப்பாடு வேண்டாம் என்றால், பயிற்சிக்கு வர மறுத்தால் அதைச் சோம்பல் என்று திட்டாதீர்கள். பக்கவாதத்துக்குப் பிறகு மனச்சோர்வு மிகச் சாதாரணமாக வரும். அதற்கு மருந்தும் பேச்சு சிகிச்சையும் உண்டு.

புறா ரத்தத்துக்கு வருகிறேன். பெரியப்பா தன் தம்பியான உங்கள் அப்பா மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார். அவரை மறுத்துப் பேசுவது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்றும் தெரியும். ஆனாலும் வேண்டாம். அடைபட்ட மூளைப் பகுதிக்குப் புறா ரத்தத்தால் ஒன்றும் ஆகப் போவதில்லை. பச்சை ரத்தத்தில் கிருமித் தொற்று அபாயம் உண்டு. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. பக்கவாதம் வந்த பலருக்கு விழுங்குவதில் குறை இருக்கும். வாயில் ஊற்றும் எதுவும் நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆகலாம். நீர் குடிக்கும்போது அப்பாவுக்கு இருமல் வருகிறதா என்று இன்றே கவனியுங்கள். வந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். எண்ணெய் தேய்ப்பதில் பெரியப்பாவுக்கு நம்பிக்கை இருந்தால், மெதுவாகத் தேய்த்துவிடட்டும்; தடுக்க மாட்டேன். அவருக்கும் ஏதோ செய்த திருப்தி கிடைக்கும், அப்பாவுக்கும் அண்ணன் கை பட்ட ஆறுதல் கிடைக்கும். அழுத்திப் பிடிப்பதும், இடது தோளை இழுத்துச் சொடுக்குவதும் மட்டும் கூடாது. தளர்ந்த தோள் எளிதில் நழுவும், பிறகு வலி மாதக்கணக்கில் நிற்கும்.

ரோபோ இயந்திரம். இதைப் பற்றி இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. இன்னும் நடக்காதவர்களுக்கு, முதல் மூன்று மாதத்துக்குள், வழக்கமான பிசியோதெரபியோடு சேர்த்து இத்தகைய இயந்திரப் பயிற்சி கொடுத்தால் சொந்தமாக நடப்பவர்களின் எண்ணிக்கை கூடுகிறது என்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான அடிகளை எடுத்து வைக்க முடிவது ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொரு பக்கம், அமெரிக்காவில் 408 பேரிடம் நடந்த லீப்ஸ் ஆய்வின் முடிவு 2011இல் வெளியானது. ஓரளவு அடி எடுத்து வைக்கக் கூடியவர்களில் சிலருக்கு எடையைத் தாங்கும் பட்டை கட்டி டிரெட்மில்லில் நடைப் பயிற்சி, மற்றவர்களுக்குப் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து பலமும் சமநிலையும் கூட்டும் பயிற்சி. ஓராண்டு முடிவில் மொத்தம் 52 சதவீதம் பேரின் நடை ஒரு நிலை உயர்ந்திருந்தது; டிரெட்மில் குழுவுக்கும் வீட்டுப் பயிற்சிக் குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. அதே ஆய்வில், ஆறு மாதம் கழித்து டிரெட்மில்லில் ஏறியவர்களும் ஓராண்டில் மற்றவர்களைப் பிடித்துவிட்டார்கள். ஆறு மாதம் ஆனால் கதவு அடைத்துவிடும் என்று பயமுறுத்துபவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

தினமும் போய் வரும் தூரத்தில், நிலத்தை விற்காமல் தாங்கக் கூடிய கட்டணத்தில் இயந்திரம் கிடைத்தால் பயன்படுத்துங்கள். அதற்காக நிலத்தை விற்று, அப்பாவை அவருடைய வீட்டையும் மனிதர்களையும் விட்டுப் பிரித்து, தெரியாத ஊரில் வாடகை அறையில் வைக்காதீர்கள். நன்றாகப் பயிற்சி கொடுக்கத் தெரிந்த ஒரு பிசியோதெரபிஸ்ட் வாரத்தில் ஐந்து நாள் வீட்டுக்கு வரும் செலவு அதில் ஒரு சிறு பங்குதான். தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 ஆகஸ்ட் முதல் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள். அவர்கள் தினமும் வர முடியாது, ஆனால் வரும் ஒவ்வொரு நாளும் உங்கள் செலவில் மிச்சம்.

பிசியோதெரபிஸ்ட் வந்து கை காலை மடக்கி நீட்டிவிட்டுப் போனால் அது போதாது. மூட்டு இறுகாமல் இருக்க அது உதவும், நடை அதனால் வராது. அப்பாவே செய்ய வேண்டும், வியர்க்க வேண்டும். உட்கார்ந்தபடி வலது கையால் இடது பக்கமும் முன்பக்கமும் எட்டி ஒரு டம்ளரை எடுப்பது. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதத்தை ஊன்றி, இடுப்பை மேலே தூக்குவது. ஆக்லாந்து ஆய்வு முக்கியம் என்று கண்ட இடுப்புத் தசைக்கான பயிற்சி இதுதான். எல்லாவற்றுக்கும் மேலாக, உட்கார்ந்து எழுவது. கட்டிலுக்குக் கீழே கட்டைகள் வைத்து உயரத்தைக் கூட்டுங்கள். உயரமான இடத்திலிருந்து எழுவது எளிது. உதவி செய்பவர் எதிரே உட்கார்ந்து, தன் முழங்காலால் அப்பாவின் இடது முழங்காலை மடங்காமல் முட்டுக்கொடுக்க வேண்டும். வலது காலில் மட்டும் எடை போட்டு எழுவார். இடது பாதத்தைச் சற்றுப் பின்னால் வைத்தால் அந்தக் காலும் வேலை செய்யும். காலை, மதியம், மாலை, அவரால் முடிந்த தடவை. வாரம் ஒருமுறை கட்டையைக் கொஞ்சம் குறையுங்கள். எத்தனை தடவை எழுந்தார், எந்த உயரத்திலிருந்து எழுந்தார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டு அவர் நடக்கப் போவதை நடப்பதற்கு முன்பே உங்களுக்குச் சொல்லும்.

நிற்கத் தொடங்கியதும் கணுக்காலுக்கு ஸ்பிளிண்ட் வாங்கலாம். ஏஎஃப்ஓ என்று கேட்டால் தெரியும். கடையில் தொங்குவதை அளவு பார்க்காமல் வாங்காமல், பிசியோதெரபிஸ்ட் காலைப் பார்த்த பிறகு வாங்குங்கள். அதற்கு மேல் பின்பக்கம் பட்டை உள்ள ஷூவோ செருப்போ போட வேண்டும். ஹவாய் செருப்பு வேண்டவே வேண்டாம்.

அம்மாவைப் பற்றிக் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் அதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளின் குடும்பத்தினருக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் மூலமே மறுவாழ்வுப் பயிற்சி நடத்தினால் பலன் கூடுமா என்று பார்த்த அட்டெண்ட் ஆய்வு 2017இல் வெளியானது. ஆறு மாதத்தில் இறப்போ பிறரைச் சார்ந்திருப்பதோ குறையவில்லை. குடும்பத்தின் உழைப்பு வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. பயிற்சி பெற்ற கைகள் செய்ய வேண்டிய வேலையை முழுவதும் வீட்டுப் பெண்கள் தலையில் இறக்கி வைத்துவிட்டு, மருத்துவமனைகள் ஒதுங்கிக்கொள்ளக் கூடாது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அப்பா எவ்வளவு தேறுகிறார் என்பதை அம்மாவின் உழைப்புக்குப் போடும் மதிப்பெண்ணாக யாரும் பார்க்கக் கூடாது, அம்மா உட்பட.

இரண்டு பேர் பிடித்தால் நிற்கும் மனிதரை ஒரு பெண்மணி தனியாக நிறுத்த முயன்றால் இருவரும் விழுவார்கள். ஆகவே அவர் ஒரே ஆளின் உதவியில் எழும் நிலை வரும்வரை அம்மாவைத் தனியாக விடாதீர்கள். முன்னேறுகிற வேகத்தைப் பார்த்தால் அது இன்னும் ஐந்தாறு வாரத்தில் வரலாம். விடுப்பை அதுவரை நீட்டிக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் தம்பி நிலத்தை விற்றுத் தர நினைத்த தொகையில் ஒரு சிறு பகுதியை வைத்து, காலையும் மாலையும் இரண்டிரண்டு மணி நேரம் ஓர் ஆளை உதவிக்கு வைத்துக்கொள்ளட்டும். இரவில் கட்டில் அருகிலேயே கமோடு நாற்காலி இருக்கட்டும். இந்தியக் கழிப்பறைக்கு அழைத்துப் போகும் முயற்சி இப்போது வேண்டாம். அதை இடித்துக் கட்டும் செலவையும் பன்னிரண்டாவது வாரம் வரை தள்ளிப் போடுங்கள். அப்போது எது தேவை என்று தெளிவாகத் தெரிந்துவிடும்.

அடுத்த முறை பிசியோதெரபிஸ்ட் வரும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும்போது இடது பக்கம் தூக்குகிறாரா? முழங்காலை நீட்டும் பலம் இப்போது எவ்வளவு? சமநிலை மதிப்பெண் எவ்வளவு? இவற்றை நான்கு வாரத்துக்கு ஒருமுறை எழுதி வையுங்கள். எட்டாவது வாரத்திலும் இவை இப்போது இருக்கும் இடத்திலேயே நின்றால் என் கணிப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். அப்போது சக்கர நாற்காலியில் அவர் எப்படிக் கடைக்குப் போய் கல்லாவில் உட்காரலாம் என்று திட்டமிடுவோம். கல்லாவில் உட்காரக் கால் வேண்டியதில்லை. நிலையாக உட்காரத் தெரிந்தால் போதும். அது அவருக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. அந்த எண்களை எட்டாவது வாரத்தில் எனக்கு எழுதுங்கள்.